ஒரு இலையில் ஒரு முட்டை

2025 ஜூலை 2, புதன்

குளவிக்கூட்டைச் செருப்பால் அடித்து நொறுக்கினேன். பதிலுக்கு மூன்று கொட்டு. புறங்கையில் இரண்டு, காதுக்குக் கீழே ஒன்று.

காலையில் எலுமிச்சையில் ஐந்து புழு இருந்தது. பல் துலக்கிவிட்டு வந்து பார்க்கிறேன், நான்கு. ஐந்தாவதைக் குளவி இலை மேலேயே வைத்து மென்று பச்சை உருண்டையாக்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் இருட்டிவிட்டது. கூடு கொட்டகை விட்டத்தில் இருப்பது தெரியும். நாற்காலியைப் போட்டு ஏறி, அது தூளாகிற வரைக்கும் அடித்தேன். கீழே விழுந்த குஞ்சுகளையும் மிதித்தேன்.

பாண்டு வரப்பில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான். குளவியிடம்கூட சண்டைக்குப் போகிறவளை இப்போதுதான் பார்க்கிறானாம். என் நாற்பது சென்டுக்கு மூன்று பக்கமும் அவன் நிலம், நான்காவது பக்கம் ரோடு. தம்பி முகத்தைப் பார்க்காமல் ஒரு பல் துலக்கவும் முடியாது.

வீங்கின கையோடு பஸ் பிடித்துத் திண்டிவனம் போனேன். தேவநாதன் சார் பத்திரக் கடையில் இன்று நான்கு பத்திரம் தட்டச்சு. கிழக்கே இன்னார் நிலம், மேற்கே இன்னார் நிலம் என்று அடித்து அடித்து விரல் தெறித்தது. சார் கையைப் பார்த்துவிட்டு, யாரை அடித்தாய் என்று கேட்டார். என்ன ஆச்சு என்று கேட்கவில்லை. என்னைப் பற்றி ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது.

ஜூலை 3, வியாழன்

புழு மூன்று.

ஜூலை 6, ஞாயிறு

லீவு. நாள் முழுக்கத் தோட்டம்.

எருக்கு ஒன்பது செடி, எட்டு ரோட்டோரம் என் நிலத்துக்குள், ஒன்று கிணற்றடியில். கிணற்றடியில் கறிவேப்பிலை, எலுமிச்சை. வரப்பை ஒட்டி ஆமணக்கு நான்கு. போன வருஷம் இரும்பை என்ற ஊர்ப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இரண்டு நாள் வகுப்பு நடந்தது. சொல்லிக் கொடுத்தது கலைப்பிரியா என்ற பெண். பூச்செடி வைத்தால் பட்டாம்பூச்சி வந்து குடித்துவிட்டுப் போய்விடும், தங்க வேண்டுமானால் புழுவுக்குச் சோறு போடுங்கள் என்றாள். அந்தந்தப் புழுவுக்கு அந்தந்த இலைதான், வேறு கொடுத்தால் பட்டினி கிடந்து சாகும். அது எனக்குப் பிடித்துப்போயிற்று. அவ்வளவு பிடிவாதத்தை நான் என்னிடம்தான் பார்த்திருக்கிறேன்.

உண்மையைச் சொன்னால், பட்டாம்பூச்சி மேல் எனக்கு அவ்வளவு ஆசை இல்லை. அது விருந்தாளி. புழுதான் வீட்டு ஆள். ராவும் பகலும் தின்கிறது, தோல் கிழிந்தால் கழற்றிப் போட்டுவிட்டு அந்தத் தோலையும் தின்கிறது. எருக்கம் புழுவைத் தொட்டால் கறுப்புக் கொம்பை ஆட்டிக்கொண்டு தலையைத் தூக்கும். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, என்ன திமிர். ரசிக்காமல் என்ன செய்வது?

ஆமணக்குச் சிறகன் பட்டாம்பூச்சி மட்டும் வரவே இல்லை. அதற்காகத்தான் ஆமணக்கு வைத்தேன். ஒரு வருஷமாக இலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

தமிழ்மணி மாட்டுக்குப் புல் அறுக்க வந்தாள். பாண்டுவின் பெண்டாட்டி. ஊரே புழுவுக்கு மருந்து அடிக்கிறது, இந்த அண்ணி புழுவுக்குச் சாப்பாடு போடுகிறது என்று சிரித்தாள். வாய் நீளம். ஆனால் போகும்போது கறிவேப்பிலை கேட்டாள், கொடுத்தேன்.

ஜூலை 11, வெள்ளி

நல்ல மழை. மதியம் பிடித்தது சாயங்காலம்தான் விட்டது. பாண்டு போட்ட வேர்க்கடலை, எங்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, முளைத்து இருபத்தைந்து நாள். வரப்பில் குடை இல்லாமல் நின்று நனைந்துகொண்டிருந்தான். இரண்டு காணி முழுக்க மானாவாரி, மழை பெய்தால்தான் உண்டு. இந்த வருஷம் வேறு எதுவும் அவன் போடவில்லை. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அதை அவனிடம் சொல்லவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

பொழுது சாயும் நேரத்தில் மண்ணிலிருந்து அந்துப்பூச்சி கிளம்பியது. வெள்ளை இறக்கை, அதில் பழுப்புக் கோடு. நூறு, ஆயிரம், எண்ண முடியவில்லை. பாண்டு என் வரப்பு ஓரத்தில் காய்ந்த மிளாரைக் குவித்துப் பழைய டயரைப் போட்டுக் கொளுத்தினான். பூச்சியெல்லாம் தீயில் வந்து வந்து விழுந்தன. பொரிகிற சத்தம் கேட்டது. இறக்கை எரிந்த உடம்புகள் தரையில் சுற்றிக்கொண்டிருந்தன, அவற்றை அவன் காலால் தள்ளித் தள்ளித் தீக்குள் விட்டான்.

என் எலுமிச்சைக்கும் தீக்கும் பத்தடி இல்லை. இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினேன். மிச்சத்தை மண்வெட்டியால் கலைத்தேன்.

அவன் கத்தவில்லை. "அக்கா, இது உன் பட்டாம்பூச்சி இல்ல. கம்பளிப்பூச்சி வர்றதுக்கு முன்னாடி இதான் வரும். இப்ப கொளுத்தலன்னா மல்லாட்டைய தின்னுடும்" என்றான்.

பூச்சியில் உன்னுது என்னுது என்று என்ன இருக்கிறது, எல்லாம் உயிர்தானே என்றேன். பத்து நாள் முன்பு குளவிக்குஞ்சை மிதித்தவள் நான். அது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை, இப்போது எழுதும்போதுதான் வருகிறது. என் வரப்பில் தீ வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

ஜூலை 15, செவ்வாய்

வந்துவிட்டது! ஆமணக்கு இலைக்கு அடியில் முட்டை. ஒன்றிரண்டு இல்லை, கொத்துக் கொத்தாக, கசகசாவைக் கொட்டி ஒட்டின மாதிரி. நான்கு செடியிலும் இருக்கிறது. ஒரு வருஷம் காத்திருந்தேன். படம் எடுத்துக் கலைப்பிரியாவுக்கு அனுப்பினேன். ஒரே டிக்கில் நிற்கிறது. மலைப் பக்கம் போய்விட்டாள் போலிருக்கிறது.

இந்தச் சந்தோஷத்தில் மண்ணைப் போட தமிழ்மணி வந்தாள். கையில் கோணி. ஆமணக்கு இலையைக் கிள்ளிக் கிள்ளிக் கோணிக்குள் போடுகிறாள். வேளாண்மை ஆபீசில் சொன்னார்களாம், முட்டை இருக்கிற இலையைப் பறித்து அழிக்க வேண்டுமாம். யாரைக் கேட்டு உள்ளே வந்தாய் என்றேன். "நீங்க வேலைக்குப் போய்க்கினு இருப்பீங்கன்னு நெனச்சேன் அண்ணி" என்றாள். அப்படியென்றால் நான் இல்லாத நேரம் பார்த்து வந்திருக்கிறாள். மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். கண்ணாடி வளையல் மூன்று உடைந்து குத்தி ரத்தம் வந்தது. அவள் அழவில்லை. கோணியைப் போட்டுவிட்டுப் போனாள்.

எங்கள் வீட்டில் பேச்சு முடிகிற இடத்தில் கை ஆரம்பிக்கும். அப்பா அப்படி. பன்னிரண்டு வயதில் நான் எறிந்த சொம்பால்தான் பாண்டுவுக்குப் புருவத்தில் தழும்பு. கட்டினவர் ஒரு அடி அடித்தார், நான் மூன்று அடித்துவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தேன். அதற்கு நான் வருத்தப்பட்டது கிடையாது. இன்றைக்கு வளையல் சில்லைப் பொறுக்கும்போது கொஞ்சம் ஒரு மாதிரி இருந்தது.

கோணியில் கிடந்த இலைகளைத் திரும்ப ஆமணக்குக் கிளையிலேயே நூலால் கட்டினேன்.

ஜூலை 18, வெள்ளி

பொரிந்தது. ஒரு இலைக்கு இருநூறு இருக்கும். அடிப்பக்கம் கூட்டமாக ஒட்டிக்கொண்டு பச்சையை மட்டும் சுரண்டித் தின்கின்றன. இலை கண்ணாடித்தாள் மாதிரி ஆகிவிட்டது. பார்க்கப் பார்க்கச் சலிக்கவில்லை. பஸ்ஸை விட்டுவிட்டேன்.

ஜூலை 26, சனி

கலைப்பிரியா கொடுத்த தாளில் ஆமணக்குச் சிறகன் புழு பச்சை, முதுகில் முள். என்னுடையவை செம்பழுப்பு, உடம்பெல்லாம் மயிர். வளர வளர நிறம் மாறும் என்று நினைக்கிறேன்.

தொட்ட இடமெல்லாம் அரிக்கிறது.

ஜூலை 31, வியாழன்

ஆமணக்கில் இலையே இல்லை. நரம்பு மட்டும் நிற்கிறது. புழு ஒன்றைக்கூட காணோம். கூட்டுப்புழு ஆக இறங்கியிருக்கும்.

அத்தனையும் ஒரே நாளிலா?

ஆகஸ்ட் 1, வெள்ளி

பாண்டுவின் கிழக்குக் காணியில் கம்பளிப்பூச்சி. என் ஆமணக்கு நிற்கிற வரப்பிலிருந்து உள்ளே பத்து வரிசை மல்லாட்டை மொட்டை. குச்சி குச்சியாக நிற்கிறது. சாயங்காலம் நடுநிலத்தில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் போகலாம் என்று இரண்டு எட்டு வைத்தேன், அப்புறம் திரும்பிவிட்டேன்.

எல்லோர் நிலத்திலும்தான் இருக்கிறது. ஒலக்கூர் வரைக்கும் இதே பேச்சு என்று பஸ்ஸில் சொன்னார்கள். ஆமாம், எல்லோர் நிலத்திலும் இருக்கிறது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப்பெருக்கு

எழுத்து கோணலா வருது. எழுதாம இருக்க முடியல.

காலைல எட்டு மணி இருக்கும். பாண்டு கொடுவாளோட வந்தான். கூட ரெண்டு ஆளு. நிலத்தச் சுத்திக் குழி வெட்டறாங்க, குழில எருக்கங்கிளைய போட்டா கம்பளிப்பூச்சி வெயிலுக்கு அதுல வந்து அடையும், அள்ளி அழிச்சிடலாம்னு சொன்னான். என் எருக்கு வேணுமாம். வெளியில புறம்போக்கு எருக்க வெட்டிக்கோன்னேன். அத நேத்தே ஊர்க்காரங்க வெட்டிட்டாங்கன்னான். முடியாதுன்னேன். ஒன்பது செடிலயும் என் புழு இருக்கு. வரி போட்ட புழு, நாப்பதுக்கு மேல, பாதி கூடு கட்டற பருவம்.

"அக்கா, ரெண்டு காணியும் போய்க்கினு இருக்கு. நீ புழுவுக்கு அழுவுற" ன்னான். சொல்லிக்கிட்டே வெட்டினான்.

ஒரு கிளை. அதுல இருந்த ஒண்ணு ரெண்டா போச்சு. பச்சைத் தண்ணி. தலைப்பக்கம் இருந்த பாதி அப்பவும் இலைய கவ்விக்கினு ஆடுது.

மண்வெட்டி எங்க இருந்து கைக்கு வந்ததுன்னு தெரியல. திருப்பித்தான் பிடிச்சேன், இரும்பு மொட்டைப் பக்கம்தான். அதுவரைக்கும் புத்தி இருந்திருக்கு. அப்ப, தெரிஞ்சுதான் அடிச்சிருக்கேனா? கொடுவாள் பிடிச்ச கைமேல. பச்சை விறகு ஒடிஞ்ச மாதிரி சத்தம். கை நடுவுல மடங்கிப் போச்சு, மடங்கக் கூடாத இடத்துல.

அவன் திருப்பி அடிக்கல. உக்காந்துட்டான். "அக்கா" ன்னான். அது ஒண்ணுதான். சின்ன வயசுல சொம்பு பட்டு ரத்தம் வந்தப்பவும் இதே மாதிரிதான், அதே குரல்தான்.

ஆளுங்க ரெண்டு பேரும் அவன வண்டில நடுவுல உக்கார வெச்சு திண்டிவனத்துக்குக் கூட்டிக்கினு போனாங்க. அங்க பாத்துட்டு விழுப்புரம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிட்டாங்களாம். தமிழ்மணி என் வாசல்ல நின்னு, ஜெயிலுக்கு அனுப்பாம விடமாட்டேன்னு சொல்லிட்டுப் போனா. அனுப்பட்டும்.

ஒரு கிளைதான் போச்சு, ஒன்பது செடியும் நிக்குது. நான் காப்பாத்திட்டேன். த்தூ.

ஆகஸ்ட் 4, திங்கள்

கடைக்குப் போகவில்லை. மதியம் கலைப்பிரியாவிடமிருந்து செய்தி வந்தது. மூன்று வாரமாக ஒற்றை டிக்கில் நின்றதற்கு இன்று பதில்.

அப்படியே எழுதி வைக்கிறேன். "அன்புச்செல்வி, இது ஆமணக்குச் சிறகன் முட்டை இல்லீங்க. சிவப்புக் கம்பளிப்புழுவோட முட்டை, மல்லாட்டைக்குப் பெரிய எதிரி. பக்கத்துல மல்லாட்டை இருந்தா உடனே இலையோட பறிச்சு அழிச்சிடுங்க. சிறகன் ஒரு இலையில ஒரே ஒரு முட்டைதான் வைக்கும், வகுப்புல சொன்னேனே."

சொன்னாள். ஞாபகம் வருகிறது. நான் அப்போது எருக்கம் புழுவைக் கையில் வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன்.

தமிழ்மணி பறித்தாள். நான் அவள் மணிக்கட்டை முறுக்கினேன். பறித்த இலையை நூல் போட்டுத் திரும்பக் கட்டினேன். நூல் போட்டு. முட்டை கீழே விழுந்துவிடக் கூடாது என்று. அந்த முட்டையெல்லாம் பொரிந்து வளர்ந்து வரப்பைத் தாண்டிப் போய் என் தம்பி பயிரைத் தின்றன. அதைக் காப்பாற்ற வந்தவன் கையை நான் உடைத்தேன். இதைவிடச் சுருக்கமாக எழுதத் தெரியவில்லை.

ஃபோனைக் கிணற்றில் எறிந்துவிடலாமா என்று தோன்றியது. ஃபோன் என்ன செய்தது?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

விழுப்புரம் போனேன். ஜங்ஷனில் இறங்கி ஷேர் ஆட்டோ. ஆரஞ்சு வாங்கிக்கொண்டேன், கொடுக்க முடியாது என்று தெரிந்தேதான் வாங்கினேன்.

வார்டு வாசலில் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றேன். பாண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான், முழங்கைக்குக் கீழே மாவுக்கட்டு. தமிழ்மணி தன் பழைய நீலக்கட்டம் போட்ட புடவையைக் கிழித்துக் கழுத்தோடு தூளி கட்டியிருந்தாள். போலீஸ்காரர் ஒருவர் நோட்டோடு வந்து எப்படி அடிபட்டது என்று கேட்டார்.

"வரப்புல வழுக்கி உழுந்துட்டேங்க. மழை ஈரம்."

ஆடியில் அடிக்கிற இந்த வெயிலில் என்ன மழை ஈரம். போலீஸ்காரரும் அவனை ஒரு மாதிரி பார்த்தார். தமிழ்மணியின் வாய் திறந்தது. பாண்டு அவளைப் பார்க்கவே இல்லை, சுவரைப் பார்த்தான். அவள் வாயை மூடிக்கொண்டாள். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நானும் போய்விட்டேன். ஆரஞ்சைப் பஸ் ஸ்டாண்டில் பெஞ்சு மேல் வைத்துவிட்டு வந்தேன். இனி கேஸ் எதுவும் இல்லை. பறித்த முட்டையை நான் திரும்பக் கட்டி வைத்தது எனக்கு மட்டும்தான் தெரியும். ஊர் முழுக்கப் பூச்சி என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதுவும் பொய் இல்லை. பேசாமல் இருந்துவிட்டால் போதும்.

ஆகஸ்ட் 6, புதன்

சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் 7, வியாழன்

சொல்லிவிட்டேன்.

தமிழ்மணி தனியாகக் குழி வெட்டிக்கொண்டிருந்தாள். கூலிக்கு ஆள் கிடைக்கவில்லை, எல்லோரும் அவரவர் நிலத்தில் நிற்கிறார்கள். பாண்டு இன்னும் ஆஸ்பத்திரியில். அவள் மணிக்கட்டில் வளையல் குத்தின இடம் கறுப்பாக இருந்தது. வரப்பைத் தாண்டி அவள் நிலத்துக்குள் போய் நின்று சொன்னேன். நீ பறித்தது சரி, அது கம்பளிப்பூச்சி முட்டைதான், நான் திரும்பக் கட்டி வைத்தேன், இங்கே தின்பதில் பாதி என் செடியில் பொரிந்தது.

மண்வெட்டியைக் கீழே வைத்தாள். அது எதற்கென்று எனக்குப் புரிந்தது. அறைந்தாள், இடது கன்னத்தில். மறுபடி அறைந்தாள். உதடு கிழிந்து வாயில் ரத்தம் உப்புக் கரித்தது.

என் கை இரண்டும் தொங்கிக்கொண்டே இருந்தன. தூக்க வேண்டும் என்று தோன்றவில்லை என்று எழுதினால் பொய். தோள் வரைக்கும் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது. நாற்பத்து நான்கு வயதில் முதல் தடவை.

அவள் மூச்சு வாங்க நின்றாள். அப்புறம், "கெழக்கு பக்கம் இன்னும் வெட்டல" என்றாள்.

வீட்டுக்குப் போய் முதலில் ஆமணக்கு நான்கையும் முழங்கால் உயரத்துக்கு வெட்டித் தள்ளினேன். பிறகு என் மண்வெட்டியை எடுத்தேன். அதே மண்வெட்டி, வேறு இல்லை. கிழக்குப் பக்கம் ஒரு முழ ஆழத்தில் குழி வெட்டினேன். பொழுது போகிற வரைக்கும் அவள் அந்தப் பக்கம் வெட்டினாள், நான் இந்தப் பக்கம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

சாரிடம் ஒரு வாரம் லீவு சொன்னேன். என்ன விஷயம் என்றார். எல்லைத் தகராறு என்றேன். நம் கடையிலேயே பத்திரம் போட்டுக்கொள்ளலாமே என்றார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

பாண்டு நேற்று வந்துவிட்டான். என்னைப் பார்க்க வரவில்லை, நானும் போகவில்லை.

காலையில் எருக்கை நானே வெட்டினேன். கிணற்றடியில் ஒரு செடியை மட்டும் விட்டேன். வெட்டுவதற்கு முன் ஒவ்வொரு கிளையாகப் பார்த்து வரிப்புழுவை எடுத்து டப்பாவில் விட்டேன். முப்பத்தேழு. கண்ணில் படாமல் எத்தனை போயிருக்கும், தெரியாது. கிளைகளைச் சுமந்துகொண்டுபோய்க் குழி முழுக்கப் பரப்பினேன்.

பத்து மணி வெயிலுக்கு அவை வந்தன. நிலத்திலிருந்து இறங்கி, குழியில் விழுந்து, எருக்கு நிழலுக்குள் போய் மொய்த்துக்கொண்டன. சிவப்பு மயிரில் வெயில் பட்டு மின்னிற்று. இதே புழுவைப் பார்த்துக்கொண்டிருந்துதான் நான் பஸ்ஸை விட்டேன். அழகில்லை என்று இப்போதும் சொல்ல மாட்டேன்.

தமிழ்மணி மண்ணெண்ணெய் கலந்த தண்ணீர் டின்னைப் பிடித்துக்கொண்டாள். நான் கிளையை எடுத்து உதறினேன். டின்னில் விழுந்தவை சுருண்டு, நெளிந்து, பிறகு மிதந்தன. டின்னுக்குத் தப்பினதை மிதித்தேன். குளவிக்குஞ்சை மிதித்தபோது வந்த வெறி வரவில்லை. மிதிக்க மிதிக்க அழுகைதான் வந்தது. செருப்பு வழுக்குகிற அளவுக்குப் பச்சைக் குழம்பு. நான்கு டின் நிரம்பியது. குழி தோண்டிக் கொட்டி மண் தள்ளினோம். மண் கொஞ்ச நேரம் அசைந்தது.

நிமிர்ந்தபோது குழியின் அந்தக் கோடியில் பாண்டு நிற்கிறான். நீலக்கட்டம் போட்ட தூளியில் வலது கை. இடது கையில் ஒரு எருக்கங்கிளையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியாது. கிளையை நீட்டிக்கொண்டு என்னிடம் வந்தான்.

"இது உன்னுதாக்கா, என்னுதா?"

இலைக்கு அடியில் ஒரு வரிப்புழு. கறுப்பு, வெள்ளை, மஞ்சள். கொம்பை ஆட்டிக்கொண்டு தலையைத் தூக்கிற்று.

என்னுது என்றேன். அவன் கிளையோடு கொண்டுபோய் வரப்பு மேல் நிழலாக வைத்தான். பிறகு மறுபடி குழிக்குள் இறங்கி, இடது கையால் ஒவ்வொரு கிளையாகத் திருப்பிப் பார்த்தான். சாயங்காலத்துக்குள் இன்னும் நான்கு எடுத்துக் கொடுத்தான். ஒன்றைக் கொடுக்கும்போது, இந்த மாதிரி கண் வைத்துப் பார்த்தால் இதுகூட நன்றாகத்தான் இருக்கிறது என்று முனகினான். கை வலிக்கிறதா என்று கேட்டேன். ராத்திரியில் வலிக்கிறது என்றான். மன்னிப்பு என்ற வார்த்தை எங்கள் வீட்டில் யாரும் பழகினதில்லை. அதை எப்படிச் சொல்வது என்று இப்போதும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆகஸ்ட் 13, புதன்

குழி இன்றும் நிரம்பியது. இரண்டு டின்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அரை டின். மேற்குக் காணி தப்பித்தது. கிழக்கில் பாதி போய்விட்டது, நின்ற பாதியில் புதுத் துளிர் வருகிறது. பாண்டு எல்லோரிடமும் இந்த வருஷம் பூச்சி அதிகம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறான். நான் பக்கத்தில் இருந்தாலும் அப்படியேதான் சொல்கிறான்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

கிணற்றடி எருக்கில் விட்ட வரிப்புழுவில் பதினொன்று ஒரே நாளில் வெந்தய வரியன் பட்டாம்பூச்சியாகி வெளியே வந்தன. கூட்டைக் கிழித்து, ஈர இறக்கையோடு தொங்கி, காய்ந்ததும் போய்விட்டன. மல்லாட்டை நிலத்து மேலேதான் பறந்தன. தமிழ்மணி களை எடுத்துக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்தாள், திரும்பக் குனிந்துகொண்டாள். அவள் இன்னும் என்னோடு பேசுவதில்லை. அன்றைக்குக் கிழக்குப் பக்கம் வெட்டவில்லை என்று சொன்னதோடு சரி. நான் வளையல் வாங்கி வைத்திருக்கிறேன், இரண்டு டஜன், பச்சை. கொடுக்கத் தைரியம் வரவில்லை. அடிக்க இருந்த தைரியம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

பாண்டுவுக்கு மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். கை மெலிந்து, லேசாகக் கோணலாக ஒட்டியிருக்கிறது. மண்வெட்டி பிடிக்க இன்னும் இரண்டு மாதம் ஆகுமாம். அதுவரைக்கும் ஞாயிற்றுக்கிழமை வேலை என்னுடையது என்று சொல்லிவிட்டேன். சரி என்றான்.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில் பாண்டு நிலத்துக்குத் தண்ணீர்க் குடத்தோடு போய்க்கொண்டிருந்தேன். வெட்டிப் போட்ட ஆமணக்குக் கட்டையெல்லாம் துளிர்த்துவிட்டது, கை அகலத்துக்கு இளம் இலை. அதில் மூன்று கட்டையில் இலைகளை யாரோ சுத்தமாகக் கிள்ளியிருந்தார்கள். நான்காவதிலும் கிள்ளியிருந்தது, ஒரே ஒரு இலையைத் தவிர.

எனக்கு அந்தப் பழைய சூடு தலைக்கு ஏறியது. குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கிட்டே போனேன்.

விட்டிருந்த இலையின் காம்பில் ஒரு துணித்துண்டு முடிந்திருந்தது. நீலக்கட்டம் போட்ட புடவைத்துணி. பாண்டுவின் கையை ஆறு வாரம் தாங்கின தூளியில் கிழித்தது.

இலையை மெதுவாகத் திருப்பினேன். அடியில் ஒரே ஒரு புழு. பச்சை, முதுகில் வரிசையாக முள். பக்கத்தில் வேறு எதுவும் இல்லை.

நிலத்தின் நடுவில் தமிழ்மணி முதுகு காட்டிக் குனிந்திருந்தாள், மடியில் கிள்ளின இலை. கையில் வளையல் இல்லை. நான் வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பச்சை வளையலை எடுத்துக்கொண்டு அவளிடம் போனேன்.